அந்தந்த நீரில் அந்தந்த உயிர்

*பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை தாமிரபரணி கற்றுத்தரும் ஜீவகாருண்யம்*

தமிழகத்திலேயே தோன்றி, தமிழகத்திலேயே கடலைச் சேரும் புண்ணிய நதி தாமிரபரணி. பொதிகை மலையில் பிறந்து மன்னார் வளைகுடாவில் கலக்கும் வரை அந்த நதி நடக்கும் தூரம் ஏறத்தாழ 125 கிலோமீட்டர்தான். அந்தச் சிறு தூரத்துக்குள் அதன் இரு கரைகளிலும் நவ கயிலாயங்களும் நவ திருப்பதிகளும் அமைந்திருப்பது நம் முன்னோர் செய்த தவப்பயன்.

நவ கயிலாயங்கள் தோன்றிய வரலாற்றை அன்பர்கள் அறிவார்கள். அகத்திய மாமுனிவரின் சீடரான ரோமச முனிவர் முக்தி வேண்டி நின்றபோது, குருநாதர் ஒன்பது தாமரை மலர்களைத் தாமிரபரணியில் மிதக்கவிட்டார். மலர்கள் கரையொதுங்கும் இடங்களில் எல்லாம் சிவபெருமானை வழிபட்டு, நிறைவாக நதி கடலோடு கலக்கும் சங்கமத்தில் நீராட வேண்டும் என்று அருளினார். முதல் மலர் பாபநாசத்தில் ஒதுங்கியது. இரண்டாம் மலர் ஒதுங்கிய தலமே சேரன்மகாதேவி. இங்கே அம்மைநாதர், ஆவுடைநாயகியோடு சந்திரனின் அம்சமாக அருள்பாலிக்கிறார். ஒன்பதாம் மலர் சேர்ந்த இடம் சேர்ந்தபூமங்கலம். அதற்கு அப்பால் புன்னைக்காயல். அதற்கும் அப்பால் கடல்.

இந்தப் புராண வரலாற்றில் ஒரு நுட்பம் பொதிந்திருக்கிறது. தாமரை நன்னீருக்கே உரிய மலர். உப்பு நீரில் அது வாழாது. நன்னீரின் மலர்கள் நன்னீரின் எல்லைக்குள்ளேயே கரையொதுங்கிவிட்டன. அவற்றைத் தொடர்ந்து வந்த முனிவர் மட்டுமே கடல்வரை சென்றார். மனிதனுக்கு இரண்டு நீரும் தீர்த்தம். ஆற்றிலும் நீராடலாம், கடலிலும் நீராடலாம். நீருக்குள்ளேயே வாழப் பிறந்த உயிர்களுக்கோ அந்தச் சலுகை இல்லை. ஆற்றுக்கு உரியது ஆற்றிலும், கடலுக்கு உரியது கடலிலும் வாழ்வதே அவற்றின் விதி.

கோயில் குளத்தில் மீன் விடுவது, ஆமை விடுவது, படித்துறையில் மீன்களுக்குப் பொரி இடுவது ஆகியவற்றைப் புண்ணியமாகக் கருதிச் செய்து வருகிறோம். எந்த உயிர் எந்த நீருக்கு உரியது என்று அறியாமல் செய்தால், புண்ணியம் என்று எண்ணிச் செய்வதே ஓர் உயிரின் முடிவாகிவிடும். ஆதலால் அந்த வேறுபாட்டைத் தாமிரபரணியின் வழியே நடந்து அறிந்துகொள்வோம்.

மாவடுவும் உலர்திராட்சையும்

நீர் எல்லாம் ஒன்றுதானே. ஆற்று மீன் கடலில் ஏன் வாழக்கூடாது? இந்தக் கேள்விக்கு விடை நம் வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறது.

மாவடுவை உப்பிலிட்டு ஜாடியில் வைக்கிறோம். இரண்டொரு நாளில் வடு சுருங்கி, ஜாடியில் நீர் விட்டுக்கொள்கிறது. வெளியே உப்பு மிகுந்திருந்தால், உள்ளேயிருக்கும் நீர் வெளியே இழுக்கப்படுகிறது. பாயசத்துக்காக உலர்திராட்சையைத் தண்ணீரில் ஊறவைத்தால் நேர் எதிரானது நிகழ்கிறது. வெளிநீர் உள்ளே புகுந்து பழம் உப்பிவிடுகிறது.

மீனின் உடலிலும் இதுவே நடக்கிறது. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. பெரும்பாலான மீன்களின் குருதியில் இருக்கும் உப்பு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. ஆற்று நீரிலோ உப்பு மிகச் சொற்பம். ஆகவே கடல் மீன் உப்பிலிட்ட மாவடுவின் நிலையில் இருக்கிறது. செவுள் வழியே அதன் உடல்நீர் ஓயாமல் வெளியேறுகிறது. அந்த இழப்பை ஈடுசெய்ய அது கடல்நீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. குடித்த நீரின் மிகை உப்பைச் செவுள்களின் வழியே வெளியே தள்ளுகிறது. கடல் நடுவே வாழ்ந்தும் தாகம் தீராத உயிர் அது.

ஆற்று மீன் உலர்திராட்சையின் நிலையில் இருக்கிறது. வெளிநீர் தானாகவே உடலுக்குள் புகுவதால் அது நீர் குடிப்பதே அரிது. மிகை நீரைச் சிறுநீராக வெளியேற்றி, நீரில் உள்ள சொற்ப உப்பைச் செவுளால் பொறுக்கி எடுத்துச் சேமிக்கிறது.

இந்த இரண்டு அமைப்புகளும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. ஆற்றுக் கெண்டையைக் கடலில் விட்டால் உடல்நீரை இழந்து மாயும். கடல் மீனைக் குளத்தில் விட்டால் நீர் ஏறி மாயும். படைத்தவன் வகுத்த இந்த எல்லையை அன்பினாலும் மாற்ற இயலாது.

நதியின் மக்கள்

பாபநாசத்தில் பாபநாசநாதர் ஆலயத்தின் எதிரே உள்ள படித்துறைக்குச் சென்றவர்கள் அந்த மீன் கூட்டத்தை மறக்கமாட்டார்கள். பொரியைத் தூவியதும் பெரிய பெரிய மீன்கள் திரண்டு வந்து நீரின் மேல் வாய் திறக்கும். இவை கெண்டைக் குலத்தைச் சேர்ந்தவை. தெளிந்து ஓடும், பாறை நிறைந்த மலையாற்று நீர் இவற்றுக்கு உகந்த இடம். கோயில் மீன்கள் என்பதால் இவற்றைப் பிடிப்பதில்லை என்பது மரபு. சிருங்கேரியில் துங்கை நதிப் படித்துறையிலும் இதே மரபு காக்கப்பட்டு வருகிறது.

இந்த நதிக்கே உரிய மீன் ஒன்று உண்டு. மீனியல் அறிஞர் இ.ஜி. சைலஸ் 1950-களில் அதை ஆராய்ந்து விவரித்தபோது, அதன் அறிவியல் பெயரில் தாமிரபரணியின் பெயரையே சேர்த்தார். முதுகுத் துடுப்பில் நூலிழைகள் நீண்டு அழகு செய்யும் அந்தச் சிறு கெண்டை, இந்த நதியின் நீரை நம்பியே வாழ்கிறது.

மலையிலிருந்து இறங்கிச் சேரன்மகாதேவிக்கு வந்தால் நதி சமவெளியின் நிதானத்தை அடைகிறது. மார்கழி வியதீபாத நீராடலுக்குப் பெயர் பெற்ற இத்தலத்தின் ஆறும், கன்னடியன் கால்வாயும், அதனால் விளையும் வயல்களும், குளங்களும் வேறொரு கூட்டத்துக்கு வீடு. சேற்று நீரிலும் மேலே வந்து காற்றை உண்டு வாழும் விரால், குஞ்சுகளைக் கூட்டமாக நீந்தவிட்டு அருகிலேயே காவல் நிற்கும் பாசமுள்ள மீன். கெளுத்தி, ஆரால், அயிரை, வயல் நத்தை, வயல் நண்டு, தண்ணீர்ப்பாம்பு ஆகியவையும் நன்னீரின் மக்களே. கடல் நண்டின் குஞ்சுகள் தாயைப் பிரிந்து நுண்ணுயிர் வடிவில் அலைகளில் மிதந்து திரிந்து வளரும். வயல் நண்டோ, முழு உருவம் பெற்ற குஞ்சுகளைத் தன் வயிற்று மடிப்பிலேயே சுமந்து திரிகிறது. கும்பகோணத்தை அடுத்த திருந்துதேவன்குடியில் கற்கடேசுவரரை மலர் கொண்டு பூசித்த நண்டும் இந்த நன்னீர் மரபில் வந்ததே.

ஆற்றங்கரை நாணல் புதர்களில் வாழும் நீர்நாய், தாமிரபரணியின் செல்லப்பிள்ளை. நீரில் மூழ்கி மீன் பிடித்தாலும் மூச்சுக்கு மேலே வரும் பாலூட்டி அது. தெளிந்த நீரும் மீனும் உள்ள ஆற்றில்தான் அது தங்கும்.

தவளையும் நன்னீருக்கு உரியதே. 1893-ல் சிகாகோ சர்வசமயப் பேரவையில் சுவாமி விவேகானந்தர் சொன்ன கிணற்றுத் தவளைக் கதையில், கடலிலிருந்து வந்த தவளை ஒன்று வருகிறது. குறுகிய மனத்தை உணர்த்தச் சுவாமிகள் எடுத்தாண்ட அருமையான உவமை அது. இயற்கையில் கடலையே வீடாகக் கொண்ட தவளை கிடையாது. அதன் மெல்லிய தோல் நீரைத் தடையின்றி உட்கொள்ளும். உப்பு நீரில் அந்தத் தோலே அதற்குப் பகையாகிவிடும்.

கஜேந்திரனின் காலைப் பற்றிய முதலை

சேரன்மகாதேவியிலிருந்து சற்று மேற்கே, தாமிரபரணியின் கரையில் இருக்கிறது அத்தாளநல்லூர். கஜேந்திரவரதராகப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் இத்தலத்திலேயே கஜேந்திர மோட்சம் நிகழ்ந்தது என்பது ஐதிகம்.

அந்த முதலை எந்த நீரின் முதலை? புராணமே விடை சொல்கிறது. கஜேந்திரன் துதிக்கையில் தாமரை மலரை ஏந்தி ஆதிமூலமே என்று அழைத்தான். தாமரை இருக்குமிடம் நன்னீர். ஆகவே அது நன்னீர் முதலை. அகன்ற முகம் கொண்ட அந்த இனம் ஆறு, ஏரி, அணைக்கட்டு நீர்களில் வாழ்வது. உவர்நீர் முதலை வேறு இனம்; அளவில் மிகப் பெரியது. நாக்கில் உள்ள சுரப்பிகளால் மிகை உப்பை வெளியேற்றி, கடலிலும் நெடுந்தூரம் நீந்த வல்லது. இன்று அதை ஒடிசாவின் பிதர்கணிகாவிலும், சுந்தரவனத்திலும், அந்தமான் தீவுகளிலும் காணலாம்.

கங்கையம்மனின் வாகனமான மகரத்தை முதலை என்றும், ஓங்கில் என்றும் பலவாறு கருதுவர். ஓங்கில்கள் பெரும்பாலும் கடலில் வாழ்பவை. எனினும் கங்கையில் நன்னீருக்கே உரிய ஓங்கில் இனம் ஒன்று இருக்கிறது. கலங்கல் நீரில் வாழ்வதால் அதற்குப் பார்வை அநேகமாக இல்லை. ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியால் வழியறிகிறது. 2009-ல் அதை நம் நாட்டின் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தார்கள். தாமிரபரணிக் கரையில் தென்திருப்பேரைப் பெருமாள் அணிந்திருக்கும் மகர குண்டலங்களைத் தரிசிக்கும்போது, இந்த ஆற்று ஓங்கிலையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.

கடல் தந்த மங்கலங்கள்

இனி, ஒன்பதாம் மலரையும் தாண்டிக் கடலுக்குச் செல்வோம்.

நம் பூஜையறையில் இருக்கும் சங்கு, கடலன்றி வேறெங்கும் பிறப்பதில்லை. தூத்துக்குடிக் கடலில் மணல் படிந்த ஆழத்தில் வாழும் ஒரு மெல்லுடலி, தன்னைக் காத்துக்கொள்ளக் கட்டிக்கொண்ட வீடே அது. வயல் நத்தைக்கு அது தூரத்து உறவுதான்; ஆனால் நத்தையின் நீரில் சங்கு ஒருநாளும் வாழாது. வழக்கமான சங்கின் சுழலுக்கு எதிர்த்திசையில் சுழல் அமைந்த வலம்புரி, அந்தக் குலத்தில் மிக அரிதாகப் பிறப்பது.

இதை அறிந்தால்தான் திருக்கழுக்குன்றத்துச் சங்கு தீர்த்தத்தின் பெருமை முழுதும் விளங்கும். மார்க்கண்டேயர் இறைவனை நீராட்டப் பாத்திரம் இன்றித் தவித்தபோது, வேதகிரீசுவரர் அக்குளத்தில் சங்கைத் தோற்றுவித்தார் என்பது தல வரலாறு. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை அக்குளத்தில் சங்கு வெளிப்படுவதைப் பக்தர்கள் பெருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். கடலுக்கே உரிய சங்கு நன்னீர்க் குளத்தில் தோன்றுவதாலேயே அதை இறையருள் என்று போற்றுகிறோம்.

முத்தும் இந்தக் கடலின் கொடை. தாமிரபரணியின் முகத்துவாரத்தில் பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கை, முத்தால் உலகப் புகழ் பெற்றது. நதி கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கடல் பின்வாங்கி, கொற்கை இன்று உள்நாட்டு ஊராகிவிட்டது. முத்துச்சிப்பிகளோ பார் எனப்படும் கடலடித் திட்டுகளைப் பற்றிக்கொண்டு உப்பு நீரிலேயே வாழ்கின்றன.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளம், நட்சத்திர மீன், கடல் குதிரை, கடல் அட்டை என அங்கே வாழும் உயிர்கள் பல. நட்சத்திர மீனுக்கும் கடல் அட்டைக்கும் நன்னீரில் ஓர் உறவினர்கூட இல்லை. அந்தக் குலம் முழுவதும் கடலுக்கே உரியது. கடலடிப் புல்லை மேய்ந்து, கன்றுக்குப் பாலூட்டி வாழும் கடற்பசுவும் இங்கு உண்டு. ஆவுளியா என்று மீனவர்கள் அழைக்கும் அந்தச் சாதுவான உயிருக்காகத் தமிழக அரசு 2022-ல் பாக் நீரிணைப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் கடலைப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

சாளக்கிராமத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். நேபாளத்தில் முக்திநாத் தலத்தை ஒட்டிய கண்டகி நதியில் கிடைக்கும் அத்திருக்கல்லில் சக்கர வடிவங்கள் அமைந்திருக்கும். இமயம் எழும்புவதற்கு முன் அங்கே ஒரு பெருங்கடல் இருந்தது. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அக்கடலில் வாழ்ந்த சுருள் ஓட்டு உயிர்களின் சுவடே அந்தச் சக்கரம் என்று நிலவியல் கூறுகிறது. கடல் வற்றி மலையாகி, மலை கரைந்து நதியில் உருண்டு, பெருமாளாக நம் இல்லத்துக்கு எழுந்தருளுகிறது. கடலின் உயிர் நதியின் வழியே நம்மை வந்தடைந்த பெருங்கருணை அது.

மூன்று ஆமைகள்

குருவின் அருள் சீடனைச் சேரும் வகைகளை விளக்க நம் ஆன்றோர் மூன்று தாய்களை உவமை கூறுவர். பறவை முட்டையைத் தொட்டு அடைகாப்பது ஸ்பரிச தீட்சை. மீன் தன் பார்வையாலேயே முட்டையைப் பொரிப்பது நயன தீட்சை. ஆமை தொலைவிலிருந்து நினைவாலேயே முட்டையைக் காப்பது மானச தீட்சை.

ஆமையின் உவமைக்குக் காரணம் கடற்கரையில் தெரியும். பங்குனி ஆமை என்று மீனவர்கள் அழைக்கும் கடலாமை, தை முதல் பங்குனி வரையிலான காலத்தில் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். அப்போது அதன் கண்களில் நீர் வழியும். மிகை உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பி வெளியேற்றும் செயல் அது. பார்ப்பவர் கண்ணுக்கோ பிள்ளைகளைப் பிரியும் தாயின் கண்ணீராகத் தோன்றும்.

கூர்மாவதாரத்தைப் போற்றும் நாம் மூன்று வகை ஆமைகளையும் பிரித்தறிய வேண்டும். கால்களுக்குப் பதில் துடுப்பு போன்ற உறுப்பு இருந்தால் அது கடலாமை. நகமும் விரலிடைத் தோலும் இருந்தால் அது குளத்து ஆமை; நம் ஊர்க் குளங்களில் வாழும் காராமையும் பாலாமையும் இவ்வகையின. யானைக்கால் போன்ற தடித்த கால்களும் முதுகில் நட்சத்திரக் கோலமும் இருந்தால் அது தரையாமை. அதை நீரில் விட்டால் மூழ்கி இறந்துபோகும். குளத்தில் விட்டால் புண்ணியம் என்று எண்ணித் தரையாமையை நீரில் இடுவது பெரும் பிழை.

இரு நீரிலும் நடமாடும் யாத்ரீகர்கள்

நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இடம் கழிமுகம். புன்னைக்காயலில் எடை குறைந்த ஆற்று நீர் மேலாகவும், எடை மிகுந்த கடல் நீர் அடியிலுமாகப் புகுந்து கலக்கும். ஓதம் ஏறும்போது உப்பு மிகும். ஆற்றில் வெள்ளம் வரும்போது உப்பு குறையும். இந்த மாற்றத்தைத் தாங்கும் வரம் பெற்ற மடவை, கொடுவா, இறால் முதலியவை அங்கே வாழ்கின்றன.

அவற்றிலும் வியப்புக்குரியது விலாங்கு. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்று விலாங்கைப் பழமொழி சற்றே பழிக்கிறது. உண்மையில் அது ஒரு பெரும் யாத்ரீகன். ஆழ்கடலில் பிறந்து, கண்ணாடி போன்ற சிறு குஞ்சாக முகத்துவாரத்தை அடைந்து, ஆற்றை எதிர்த்து ஏறி, பல ஆண்டுகள் நன்னீரில் வளர்கிறது. முதிர்ந்தபின் மீண்டும் கடலுக்கே சென்று, முட்டையிட்டு உயிர் துறக்கிறது. சேரன்மகாதேவிக் குளத்தில் சேற்றுக்குள் ஒரு விலாங்கு கிடந்தால், அது வங்கக் கடலையும் மன்னார் வளைகுடாவையும் அறிந்த உயிர் என்று எண்ணிப் பாருங்கள். ரோமச முனிவர் மலையிலிருந்து கடலுக்குச் சென்ற வழியில், அது கடலிலிருந்து மலைநோக்கி வந்திருக்கிறது.

இந்த யாத்திரைக்குத் தடைகளும் உண்டு. தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் நிற்கின்றன. கடலுக்கு அருகே இருப்பது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. ஈரத் தரையில் ஊர்ந்தும் செல்லக்கூடிய விலாங்கு ஓரளவு சமாளித்துக்கொள்ளும். எல்லா மீனாலும் அது இயலாது. முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து ஆற்றில் ஏறும் உல்லம் மீன் ஒரு காலத்தில் காவிரியில் மிகுதியாக வந்தது. 1934-ல் மேட்டூர் அணை எழுந்தபின் அந்த வரவு அருகிப்போயிற்று. அணைகள் நமக்குச் சோறு தருபவை. அவற்றை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆற்றில் சிறிதளவேனும் நீர் கடல்வரை ஓடினால்தான் இந்த உயிர்களின் வழி அடைபடாமல் இருக்கும். கடலுக்குப் போகும் நீர் எல்லாம் வீண் என்று சொல்வதற்குமுன் இவற்றை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மீனே சொன்ன நீதி

ஸ்ரீமத் பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்தில் மச்சாவதார வரலாறு வருகிறது. திராவிட தேசத்து மன்னன் சத்தியவிரதன் கிருதமாலா நதியில் தர்ப்பணம் செய்தபோது, அவன் கையில் ஒரு சிறு மீன் அகப்பட்டது. அந்த நதி நம் வைகையே என்பர் பெரியோர். மன்னன் அதை மீண்டும் ஆற்றில் விட முனைந்தபோது, பெரிய உயிர்கள் என்னை விழுங்கிவிடும், இங்கே விடாதே என்று அது மன்றாடியது. மன்னன் இரங்கி அதைக் கமண்டலத்தில் வைத்தான். அது வளர வளரக் குடம், குளம், ஏரி என மாற்றி, இறுதியில் கடலில் விடச் சென்றான். அங்கும் அந்த மீன், மகரங்கள் வாழும் கடலில் என்னை விடலாமா என்று கேட்டது. அப்போதே வந்திருப்பவர் பரம்பொருள் என்று மன்னன் உணர்ந்தான்.

பகவான் என்பதால் அந்த மீனுக்கு எந்த நீரும் ஒன்றுதான். ஆனாலும் ஒரு மீனை ஒரு நீரில் விடுமுன், அது அங்கே வாழுமா என்று எண்ணிப்பார் என்பதை பகவான் தம் திருவாயாலேயே உணர்த்திவிட்டார். நாம் அதை மறந்துவிடுகிறோம்.

கடையில் வாங்கிய வெளிநாட்டு மீனையும் ஆமையையும் வீட்டுத் தொட்டியில் வளர்த்து, பராமரிக்க முடியாதபோது கோயில் குளத்தில் விட்டுவிடுவோர் இன்று பெருகியிருக்கிறார்கள். கடல் மீனாக இருந்தால் அது அன்றே இறக்கும். நன்னீர் மீனாக இருந்தால் தீங்கு வேறு விதம். அது பெருகி, அங்கே காலங்காலமாக வாழும் சிறு மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்க்கும். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீனை ஜிலேபிக் கெண்டை என்று நாம் அறிவோம். அது இன்று தமிழகத்துக் குளங்கள் எங்கும் பரவிக் கிடக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கு நம் நாட்டில் தடையே விதிக்கப்பட்டிருக்கிறது.

பக்தி அறிவோடு சேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு அசாம் மாநிலம் சான்று. அங்கே பிரம்மபுத்திரா நதிப் பகுதிக்கு உரிய கரிய மெல்லோட்டு ஆமை, இயற்கைச் சூழலில் அழிந்தே போயிற்று என்று 2002-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. ஆனால் ஹாஜோவில் ஹயக்ரீவ மாதவர் ஆலயக் குளத்திலும், நாகசங்கர் ஆலயக் குளத்திலும் அந்த ஆமைகள் உயிரோடு இருந்தன. பெருமாளின் கூர்ம வடிவம் என்று போற்றி, தலைமுறை தலைமுறையாக உணவிட்டுக் காத்தவர்கள் அங்கே வழிபட வந்த எளிய மக்கள். இன்று அந்தக் குளங்களின் முட்டைகளைப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளை அவற்றுக்கு உரிய நீர்நிலைகளில் விடுகிறார்கள். உலகம் இழந்துவிட்டதாக எண்ணிய ஓர் உயிரைக் கோயில் குளம் காப்பாற்றித் தந்தது. உரிய உயிரை உரிய நீரில் காத்ததால் விளைந்த பயன் அது.

நதிக்கு நாம் செய்யும் பூஜை

2018 அக்டோபரில் நடந்த தாமிரபரணி மகா புஷ்கரத்தில் நீராடிய அன்பர்கள் பலர் இதைப் படிக்கக்கூடும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் பாபநாசம் செல்பவர்களும் பலர். பாவம் தீர வேண்டும் என்று நீராடியவர்கள், உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவரும் வழக்கம் அங்கே பரவியிருக்கிறது. அந்தத் துணிகள் பாறை இடுக்குகளில் சிக்கி, மீன்கள் முட்டையிடும் கூழாங்கற்பரப்பை மூடிவிடுகின்றன. சவர்க்காரமும் ஷாம்பு உறைகளும் சேரும்போது, நாம் பொரி இட்டு வணங்கிய அதே மீன்களின் செவுள்களே பாதிக்கப்படுகின்றன. எந்தச் செவுள் உப்பையும் நீரையும் அளந்து அந்த உயிரைக் காக்கிறதோ, அதன்மேல் நம் அழுக்கைப் படியவைக்கிறோம். பாவம் தொலைக்கச் சென்ற இடத்தில் புதிய பாவத்தைச் சேர்த்துக்கொண்டு திரும்புவது தகுமா?

துணியைக் கழித்தே ஆகவேண்டும் என்று மனம் விரும்பினால், துவைத்து ஓர் ஏழைக்குத் தானம் செய்யலாம். ஆற்றில் மூழ்குவது மட்டுமே நீராடல். எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். மீன்களுக்குப் பொரியைச் சிறிதளவே இடலாம். அதைக் கொண்டுவந்த நெகிழிப் பையை வீட்டுக்கே எடுத்துச் செல்லலாம்.

பேரக்குழந்தைகளுக்குச் சொல்ல

• நன்னீருக்கு உரியவை: கெண்டை, விரால், கெளுத்தி, அயிரை, தவளை, வயல் நண்டு, காராமை, பாலாமை, நீர்நாய், நன்னீர் முதலை, கங்கை ஓங்கில்.

• கடலுக்கு உரியவை: சங்கு, முத்துச்சிப்பி, பவளம், நட்சத்திர மீன், கடல் அட்டை, கடலாமை, கடற்பசு.

• இரு நீரையும் அறிந்தவை: விலாங்கு, உல்லம், மடவை, கொடுவா, உவர்நீர் முதலை.

• நீரில் விடவே கூடாதது: நட்சத்திரக் கோலமிட்ட தரையாமை.

• வீட்டுத் தொட்டி மீனையும் ஆமையையும் ஆற்றிலோ கோயில் குளத்திலோ விடக்கூடாது. வளர்க்க விரும்பும் மற்றொருவரிடம் ஒப்படைக்கலாம். நம் நாட்டு ஆமைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அடுத்த முறை நவ கயிலாய யாத்திரை செல்லும்போது, சேரன்மகாதேவியில் அம்மைநாதரைத் தரிசித்தபின் சிறிது நேரம் ஆற்றங்கரையில் அமருங்கள். சேர்ந்தபூமங்கலத்தில் சுவாமி தரிசனம் முடிந்ததும், முனிவர் சென்றது போலச் சங்கமம் வரை சென்று வாருங்கள். உடன் வரும் குழந்தைகளுக்கு இந்த நீரில் இன்ன உயிர், அந்த நீரில் அன்ன உயிர் என்று சொல்லிக்கொடுங்கள். எல்லா உயிரிலும் உறையும் இறைவன், ஒவ்வோர் உயிருக்கும் உரிய நீரை அளந்து வைத்திருக்கிறான். அந்த நீரைத் தூய்மையாக விட்டுவைப்பதே நதித்தாய்க்கு நாம் செய்யக்கூடிய அபிஷேகம்.